ஏடு, ஒலி, ஒளி: போலின் பிரெடெரிக்கின் செய்தித்துறை வாழ்வு

இதழியலைக் கல்லூரியில் கற்பிக்க இயலுமா, அன்றி அச்சகத்து மையிலும் தெருப் புழுதியிலும் தோய்ந்தே அதனைக் கற்க வேண்டுமா என்று அமெரிக்கப் பத்திரிகை உலகம் நெடுநாள் வாதிட்டது. 1908ஆம் ஆண்டு மிசூரிப் பல்கலைக்கழகமும், 1912ஆம் ஆண்டு ஜோசப் புலிட்சர் வழங்கிய நிதியைக் கொண்டு நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகமும் இதழியல் பள்ளிகளைத் திறந்த பின்னரே அவ்வாதம் ஒருவாறு தணிந்தது. இன்று அத்தகைய பள்ளிகளில் பயிலும் பட்டமேற்படிப்பு மாணவர் எழுதவும், ஒலிவாங்கியின் முன் பேசவும், ஒளிப்படக் கருவியின் முன் நிற்கவும் ஒருங்கே வல்லவராதல் வேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர். அதற்குப் பல்லூடக இதழியல் என்று பெயரும் சூட்டியுள்ளனர். பெயர் புதிது, செயல் பழையது. அப்பெயர் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, எந்த இதழியல் பள்ளியிலும் பயிலாத ஒரு பெண்மணி செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி என்னும் மூன்று துறைகளிலும் அடுத்தடுத்துக் கால் ஊன்றினார். அவர் பெயர் போலின் பிரெடெரிக்.

அவர் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் காலிட்சின் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பள்ளி மாணவியாய் இருந்தபோதே அம்மாநிலத் தலைநகராகிய ஹாரிஸ்பர்க்கின் நாளேடுகளுக்கு விருந்து, திருமணம், மாதர் சங்கக் கூட்டம் முதலியவற்றைச் செய்தியாக்கி அனுப்பினார். ஏடு ஒன்று அவருக்கு நிலையான வேலை தரவும் முன்வந்தது. கையில் வந்த வேலையை விடுத்து அவர் வாஷிங்டன் சென்று அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்கச் சேர்ந்தார். 1930இல் இளநிலைப் பட்டமும், அடுத்த ஆண்டிலேயே அனைத்துலகச் சட்டத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பெருமந்தம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. பட்டம் பெற்ற ஆடவர்க்கே வேலை அரிதாயிருந்த அந்நாளில், சட்டம் கற்ற பெண்ணுக்கு வழக்கறிஞர் தொழில் எளிதில் வாயில் திறந்துவிடாது.

இவ்விடத்தில் ஓர் ஆசிரியர் வருகிறார். பெயர் பெற்றோரின் வரலாறுகளில் ஆசிரியர் பெரும்பாலும் ஒரு வரியில் வந்து மறைபவர், இங்கும் அவ்வாறே. சட்டத்தை வழக்கறிஞரிடம் விட்டுவிட்டு, எழுத்தில் உள்ள ஆற்றலையும் அனைத்துலக அரசியலில் உள்ள ஆர்வத்தையும் இணைத்துப் பத்திரிகைத் துறைக்குச் செல்லலாகாதா என்று வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் அவரிடம் கூறினார். மாணவியின் இரு திறன்களையும் தனித்தனியே கண்டோர் பலர் இருந்திருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தவர் அப்பேராசிரியரே.

அறிவுரை கிடைத்தது, வாய்ப்பு கிடைக்கவில்லை. அக்காலத்துச் செய்தித்தாள்களில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. உடை, உணவு, விருந்து, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கு அப்பால் அப்பக்கம் செல்வதில்லை. அரசியற் பக்கம் ஆடவர்க்கு உரியது. போலின் அவ்வேலியை இடித்துத் தள்ள முற்படவில்லை; அதன் உள்ளிருந்தே வெளியே பார்க்க ஒரு சாளரம் அமைத்தார். வாஷிங்டனில் உலக நாடுகளின் தூதுவர்கள் வாழ்ந்தனர். தூதுவர்களை நேர்காண மூத்த ஆடவச் செய்தியாளர் இருந்தனர். ஆனால், தூதுவரின் மனைவியரை நேர்காண எவரும் எண்ணியதில்லை. செக்கோஸ்லோவாக்கியத் தூதுவரின் மனைவியிடம் முதலிற் சென்றார். அந்நேர்காணலை வாஷிங்டன் ஸ்டார் நாளேடு ஏற்றுக்கொண்டது. தொடர்ந்து எழுதுமாறும் கேட்டது. இல்லறச் செய்தி போலத் தோன்றும் அந்நேர்காணல்களின் வழியே பிற நாடுகளின் நிலைமையும் வாசகர்க்குச் சென்றது. அனைத்துலகச் சட்டம் கற்ற ஒருவர் கேட்கும் கேள்விக்கும், சமையற் குறிப்புக் கேட்க வந்தவர் கேட்கும் கேள்விக்கும் வேறுபாடு இருக்குமன்றோ? முதுநிலைப் பட்டத்தின் பயன் முதன்முதலில் வெளிப்பட்ட இடம் இதுவே எனலாம்.

1930ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஹிட்லரின் ஜெர்மனி செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கியது. முன்பு பெண்கள் பக்கத்துக்கு உரியவராய் இருந்த தூதுவர் மனைவி, ஒரே நாளில் உலகச் செய்திக்கு உரியவரானார். என்.பி.சி. வானொலி நிறுவனத்தில் மகளிர் நிகழ்ச்சிகளை நடத்தி வந்த மார்கரெட் கத்பர்ட் என்பார் போலினின் நேர்காணல்களை அறிந்திருந்தார். அவர் அழைப்பின்பேரில், நாடிழந்த அத்தூதுவரின் மனைவியைப் போலின் வானொலியில் நேர்கண்டார். அவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்த முதல் நிகழ்ச்சி அதுவே. ஏட்டுக்கும் வானொலிக்கும் இடையே இருந்த ஆற்றைக் கடக்க அவருக்குப் பாலமாய் அமைந்தது பழைய தொடர்பு ஒன்று.

பெண் குரல் பற்றி அந்நாளில் நிலவிய கருத்தை இங்கே சற்று விரிவாகக் காண வேண்டும். இந்நாட்டு வானொலியின் தமிழ்ப் பிரிவில் பெண் குரலிற் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது வியப்பளிக்கும். அமெரிக்க வானொலியின் தொடக்கக் காலத்தில், பெண் குரல் ஒலிவாங்கிக்கு ஏற்றதன்று என்பது ஏறத்தாழ அறிவியல் உண்மை போலவே பேசப்பட்டது. 1927இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரே பெண்களின் பேச்சு வானொலியில் தெளிவாகக் கேட்பதில்லை என்று எழுதினார். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், குறை குரலில் இல்லை, கருவியில் இருந்தது. நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கும் பொருட்டு ஒவ்வொன்றுக்கும் குறுகிய அலைவரிசையே ஒதுக்கப்பட்டது. அதனால் ஒலியின் உயர்ந்த அதிர்வுகள் வெட்டுண்டன. சகரம் போன்ற உரசொலிகளை வேறுபடுத்திக் காட்டுவன அவ்வுயர்ந்த அதிர்வுகளே; அதிலும் பெண் பேசும்போது அவை ஆடவர் பேச்சிலும் உயர்ந்த இடத்தில் அமைகின்றன. ஒலிநூல் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். ஆடவர் குரலை அளவுகோலாக வைத்து ஒரு கருவியை அமைத்துவிட்டு, அக்கருவிக்குள் அடங்காத குரலைக் குறைகூறினர். பின்னர்க் கருவிகள் செம்மையுற்றன. குறைகூறல் மட்டும் மாறவில்லை. தெளிவில்லை என்ற சொல்லை விட்டு, அதிகாரம் இல்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டனர்.

போலின் அச்சொல்லை வாழ்நாளிற் பலமுறை கேட்டார். போர் ஆண்டுகளில் அவர் பாக்ஹேஜ் என்னும் புகழ்பெற்ற வானொலி விளக்கவுரையாளருக்கு உதவியாளராய் இருந்து செய்தி திரட்டினார். உரை எழுத உதவினார். வானொலி பெண்களை விரும்புவதில்லை, அதனிடம் செல்ல வேண்டா என்று கூறியவர் அந்தப் பாக்ஹேஜ்தாம். அவர் கெட்ட எண்ணத்தாற் கூறியதாகத் தோன்றவில்லை. தம் காலத்தின் கருத்தைத் தம் கருத்தாகக் கொண்டிருந்தார். எனினும், தெளிவான செய்தியைத் திரட்டித் தரும் பெண்ணின் மூளை ஏற்புடைத்தாகவும், அதே செய்தியைச் சொல்லும் அவள் குரல் ஏற்பில்லாததாகவும் இருந்த முரண் அவருக்குத் தோன்றாமற் போனது வியப்பே.

1945இல் போலின் அவ்வேலையை விட்டு, செய்தியாளர் குழுவொன்றுடன் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றுக்குச் சென்று வந்தார். பின்னர் ஐரோப்பா சென்று நியூரம்பர்க் வழக்கைப் பற்றிச் செய்திகள் அனுப்பினார். 1945 நவம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு அக்டோபரில் முடிவுற்ற அவ்வழக்கில், நாசித் தலைவர்கள் அனைத்துலக நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். அனைத்துலகச் சட்டத்தில் பட்டம் பெற்ற செய்தியாளருக்கு அதனினும் பொருத்தமான இடம் வேறொன்று இருக்க முடியாது. நூலிற் படித்த சட்டம் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. மொழி ஆசிரியர்கள் அறிய வேண்டிய சிறப்பு ஒன்றும் அவ்வழக்குக்கு உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யம் ஆகிய நான்கு மொழிகளில், பேசப்பேசவே மொழிபெயர்த்துக் காதணிக் கருவி வழியே கேட்கச் செய்யும் முறை முதன்முதலிற் பெரிய அளவிற் கையாளப்பட்டது அங்கேதான். அம்முறையே பின்னர் ஐக்கிய நாட்டு மன்றத்துக்கும் சென்றது. போலினும் அம்மன்றத்துக்கே செல்லவிருந்தார். ஆனால் வழி நேரானதாய் இல்லை.

தாயகம் திரும்பிய அவரை 1946இல் ஏ.பி.சி. நிறுவனம் ஏற்றுக்கொண்டது. என்.பி.சி. நடத்திய இரு வானொலி வலையமைப்புகளுள் ஒன்று 1943இல் விற்கப்பட்டு, ஏ.பி.சி. என்னும் பெயருடன் வளர்ந்த இளைய நிறுவனம் அது. ஏற்றுக்கொண்டது என்றால் முழுநேர வேலையன்று. செய்திக்கு இவ்வளவு என்ற கூலி முறை. அதிலும் பெண்கள் தொடர்பான செய்தியே அவருக்கு உரியது. நியூரம்பர்க்கிலிருந்து வந்த செய்தியாளரை அவர்கள் முதலில் அனுப்பிய கூட்டம் எதைப் பற்றியது தெரியுமா? கணவரைத் தேடிக்கொள்வது எப்படி என்பது பற்றியது! ஒரு நாள், வெளியுறவு அமைச்சர்கள் மாநாடும் வேறொரு பெரிய செய்தியும் ஒருங்கே வந்துவிட, ஆளில்லாக் குறையால் அவரை மாநாட்டுக்கு அனுப்பினர். அவர் அளித்த செய்தி நன்றாகவே அமைந்தது. ஆயினும், அத்தகைய செய்தியை மீண்டும் அவரிடம் தரலாகாது என்னும் முடிவு மேலிடத்திலிருந்து வந்தது. ஒரே ஒரு விலக்கு மட்டும் இருந்தது. வேறு எவருக்கும் கிடைக்காத தனிச் செய்தியை அவர் கொணர்ந்தால், அதனை அவரே ஒலிபரப்பலாம்.

பிறர் அதனைக் கதவடைப்பு என்று கருதியிருப்பர். போலின் அதனைக் கதவின் திறவுகோலாகக் கொண்டார். அன்றுமுதல் தனிச் செய்தி தேடுவதே அவர் வேலையாயிற்று. தூதுவர் மனைவியரை நேர்கண்ட பழைய நாட்களின் பழக்கம் இங்கே துணை நின்றது. செய்தியாளர் கூட்டத்தில் அனைவருக்கும் ஒருங்கே சொல்லப்படும் செய்தியை விட்டு, மாநாட்டு மண்டபத்தின் நடைக்கூடத்தில் தனித்து நிற்கும் தூதுவரிடம் சென்று பேசுவார். மற்ற நிருபர்க்கு அது மிகையான உழைப்பு. அவருக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, அவர் பெற்ற தேர்ச்சியைத் தடையின் நன்மை என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. தடை இருந்தமையால் அவர் இழந்த ஆண்டுகளை எவரும் கணக்கிட்டதில்லை.

மூன்றாம் துறை அவரைத் தேடி வந்தது. 1948இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான கட்சி மாநாடுகள் பிலடெல்பியாவில் நடைபெற்றன. கிழக்குக் கரை நகரங்களை இணைத்த கம்பித் தடத்தின் வழியே அம்மாநாடுகள் பல நகரங்களில் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டன. தொலைக்காட்சிக்குச் செல்லப் புகழ்பெற்ற வானொலிச் செய்தியாளர் பலருக்கு ஆர்வமில்லை. அதனை விளையாட்டுப் பொருளென்றே கருதினர். கோடையின் வெப்பத்தோடு விளக்குகளின் வெப்பமும் சேர்ந்து மண்டபம் கொதித்தது. வேட்பாளர்களின் மனைவியரை நேர்காணும்படி ஏ.பி.சி. போலினைப் பணித்தது. பழைய பெண்கள் பக்கம் புதிய கருவியில் மீண்டும் வந்ததென்றே சொல்ல வேண்டும். அதனோடு இன்னொரு பணியும் சேர்ந்தது. ஒளிப்படக் கருவிக்கு ஏற்ற முகப்பூச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை எவரும் அறியார். ஒப்பனையாளர் என்று தனியே ஒருவரும் இல்லை. தம் முகத்துக்கும், நேர்காண வந்த பெண்டிர் முகத்துக்கும் பூச்சிடும் வேலையையும் அவரே செய்தார். அரசியற் கேள்விகளை ஒரு கையிலும், முகப்பொடியை மறு கையிலும் வைத்திருந்த அக்காட்சியை நகைச்சுவையாகவும் கொள்ளலாம். ஆனால், அம்மாநாட்டுக்குப் பின்னரே ஏ.பி.சி. அவரை முழுநேரச் செய்தியாளராய் அமர்த்தியது. அமெரிக்கத் தொலைக்காட்சி வலையமைப்பு ஒன்றில் அத்தகைய பதவி பெற்ற முதற்பெண் அவரே என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

ஆடவர் எழுந்து பேசினால் மக்கள் முதலிற் கேட்கின்றனர், பின்னர்ப் பார்க்கின்றனர். பெண் எழுந்தால் முதலிற் பார்க்கின்றனர், பார்த்தது பிடித்திருந்தாற் கேட்கின்றனர் என்னும் பொருள்பட அவர் பிற்காலத்தில் ஒருமுறை கூறினார். ஏட்டில் எழுதுவோர் முகம் தெரிவதில்லை. வானொலியில் குரல் குறுக்கே நின்றது. தொலைக்காட்சியில் முகமும் வந்து நின்றது. மூன்று துறைகளிலும் பழகிய ஒருவரிடமிருந்தே இத்தகைய கூற்று பிறக்க முடியும்.

1953இல் அவர் என்.பி.சி.க்குத் திரும்பி, ஐக்கிய நாட்டு மன்றத்துக்கான செய்தியாளரானார். அங்கே 21 ஆண்டுகள் நிலைத்தார். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அவரே செய்தி தந்தார். அவர் பெயரிலேயே ஒரு வானொலி நிகழ்ச்சியும் நடைபெற்றது. அவர் சேர்ந்தபோது மன்றத்தில் 60 நாடுகளே உறுப்பினர். அவர் விலகிய 1974ஆம் ஆண்டின் இறுதியில் உறுப்பு நாடுகள் 138. இடையிற் பிறந்த நாடுகளுள் 1957இல் மலாயாவும் 1965இல் சிங்கப்பூரும் அடங்கும். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய 1963இல் மன்றத்துக் குழு வந்ததும், பாதுகாப்பு மன்றத்தில் மலேசியா இடம்பெற்றதைச் சினந்து 1965 சனவரியில் இந்தோனேசியா வெளிநடந்ததும் அவர் அக்கட்டடத்தில் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சிகளே. சூயஸ் நெருக்கடி, ஹங்கேரிப் புரட்சி, காங்கோக் குழப்பம், 1962இன் கியூபா ஏவுகணை நெருக்கடி, மேற்கு ஆசியப் போர்கள் என்று உலகம் நடுங்கிய போதெல்லாம் அமெரிக்க இல்லங்களில் ஒலித்த குரல்களுள் போலினுடையதும் ஒன்று. அதிகாரம் இல்லையென்று முன்னர்த் தள்ளப்பட்ட குரலே அது.

தலைமைச் செயலாளர் டாக் ஹாமர்ஷீல்டிடம் அவர் பெருமதிப்புக் கொண்டிருந்தார். 1961 செப்டம்பரில் ஆப்பிரிக்காவின் இந்தோலா நகரருகே விமான விபத்தில் ஹாமர்ஷீல்டு மாண்டார். அவருக்குப் பின் வந்தவர் பர்மாவின் ஊ தாண்ட். மன்றத்துத் தலைமைச் செயலாளராகிய ஊ தாண்ட், தம் இளமையில் பாந்தனோ என்னும் ஊரிற் பள்ளித் தலைமையாசிரியராய் இருந்தவர்; ஏடுகளுக்கு எழுதியவர். ஆசிரியத் தொழிலிலிருந்து அவ்வளவு தொலைவு சென்றோர் மிகச் சிலரே என்பதால் இதனை இங்கே குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

பெருமைகள் அடுத்தடுத்து வந்தன. 1954ஆம் ஆண்டுக்குரிய பீபாடி விருது ஒலிபரப்புப் பணிக்காக அவருக்கு வழங்கப்பட்டது. 1959இல் ஐக்கிய நாட்டு மன்றச் செய்தியாளர் சங்கத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதற்பெண் அவர். பல்கலைக்கழகங்கள் 20க்கு மேற்பட்ட மதிப்பியற் பட்டங்கள் அளித்தன. 1967இல் உலகத் தலைவியர் பதின்மரைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1969இல் சார்ல்ஸ் ராபின்ஸ் என்பவரை மணந்தார்.

வயது வரம்பைக் காட்டி 1974இல் என்.பி.சி. அவரை ஓய்வு பெறச் செய்தது. அவர் வீட்டில் அமரவில்லை. 1971இல் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த தேசியப் பொது வானொலிக்குச் சென்று உலக அரசியல் விளக்கவுரை ஆற்றினார். தொடங்கிய துறைக்கே மீண்டும் வந்தார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இம்முறை, பெண்கள் நிகழ்ச்சிக்கென்று அவரை எவரும் அழைக்கவில்லை.

1976இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வேட்பாளர்கள் ஜெரால்டு ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் தொலைக்காட்சியில் மும்முறை வாதிட்டனர். பிலடெல்பியாவில் நடந்த முதல் வாதத்தில் ஒலிக் கருவி பழுதுற்று, 27 நிமிடம் இருவரும் மேடையில் வாய் திறவாது நின்றனர். கோடிக்கணக்கானோர் அம்மௌனத்தைக் கண்டனர். இரண்டாம் வாதம் அக்டோபர் 6ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. பொருள் வெளியுறவும் பாதுகாப்பும். நடுவர் போலின் பிரெடெரிக். குடியரசுத் தலைவர் வாதத்துக்கு ஒரு பெண் நடுவராய் இருந்தது அதுவே முதன்முறை. நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் மேக்ஸ் ஃபிராங்கல் கேட்ட கேள்விக்கு விடையிறுக்கையில், கிழக்கு ஐரோப்பாவிற் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஃபோர்டு கூறிவிட்டார். அத்தேர்தலில் அவருக்கு நேர்ந்த பெரும் சறுக்கல் அது. 1956இல் ஹங்கேரி நசுக்கப்பட்ட நாட்களில் மன்றத்தின் செய்தியாளராய் இருந்தவரே அம்மேடையின் நடுவர் இருக்கையில் அமர்ந்திருந்தார் என்பது நினைக்கத்தக்கது. நடுவராதலின் அவர் ஒன்றும் கூறவில்லை. நேரத்தைக் காத்து, அடுத்த கேள்விக்கு வழிவிட்டார்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. இரு நாள் முன்னதாக, அக்டோபர் 4ஆம் நாள், பார்பரா வால்டர்ஸ் மாலைச் செய்தியின் இணைத் தலைமை வாசிப்பாளராய்த் தொலைக்காட்சியில் தோன்றினார். வலையமைப்பு மாலைச் செய்திக்கு அவ்வாறு அமர்ந்த முதற்பெண் அவர். அவரை அமர்த்திய நிறுவனம் ஏ.பி.சி.; 30 ஆண்டுகளுக்கு முன், வெளியுறவுச் செய்தியைப் பெண்ணிடம் தரலாகாது என்று போலினிடம் சொன்ன அதே நிறுவனம். குடியரசுத் தலைவர் வாதத்தில் மற்றொரு பெண் நடுவராய் அமர்வதற்கு மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1984இல் அவ்விடத்தில் அமர்ந்தவரும் பார்பரா வால்டர்ஸே. அதனைக் காணப் போலின் உயிரோடிருந்தார். 1990ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் காலமானார்.